இவர் எந்தக் கட்சி?

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். இரண்டு ஆண்டுகளாக ஒரு வேலையைத் தவறாமல் செய்து வருகிறேன். சமூக ஊடகத்தில் அரசியல் பொய் எதைக் கண்டாலும் அதன் கீழேயே ஆதாரத்துடன் மறுப்பு எழுதிவிடுவேன். குறிப்பாக ஒரு கணக்கு. தலைவர் ஒருவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அதில் எழுதியிருந்தார்கள். அவருடைய உரையின் அச்சுப் பிரதியைத் தேடி எடுத்து, பக்க எண்ணோடு பதில் போட்டேன். என்னை வசைபாடி நூறு பேர் வந்தார்கள். நானும் விடவில்லை. அடுத்த வாரம் பார்த்தால், அதே கணக்கில் எதிர்த்தரப்புத் தலைவரைப் பற்றி அதேபோல் ஒரு பொய்! எனக்குத் தலை சுற்றிவிட்டது. இவர் எந்தக் கட்சிக்காரர்? இவருக்குப் பணம் கொடுப்பது யார்? மக்களுக்குப் படிப்பறிவு வந்தும் இதையெல்லாம் நம்புகிறார்களே, ஏன்? அந்தக் கணக்கின் சுட்டியை இணைத்திருக்கிறேன். உங்கள் தளத்தில் அதை அம்பலப்படுத்த வேண்டும்.

ஆர்.

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தாலும் முதல் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. இவர் எந்தக் கட்சி? நம் தலைமுறைக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும். பொய் சொல்கிறவனுக்குப் பின்னால் ஒரு கொள்கையோ, ஒரு தலைவரோ, குறைந்தபட்சம் ஒரு பகையோ இருக்கும் என்று நம்பியே வளர்ந்துவிட்டோம். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. இப்போது எந்தக் கட்சியும் இல்லாமலே கட்சிப் பொய் எழுத முடிகிறது. அதற்குக் கூலியும் கிடைக்கிறது.

இன்று வடக்கு மாசிடோனியா எனப்படும் ஐரோப்பிய நாட்டில் வெலெஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிறிய தொழில் நகரம், ஒரு காலத்தில் பீங்கான் தொழிற்சாலைக்குப் பேர்பெற்றது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது அந்த ஊர் இளைஞர்கள் டிரம்ப்பை ஆதரித்து நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை நடத்தினார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. பலருக்கு அந்த அரசியலில் அக்கறையும் இல்லை. தளத்தில் கூகுள் விளம்பரம் வரும், செய்தியை ஃபேஸ்புக்கில் போட்டால் அமெரிக்கர்கள் வந்து படிப்பார்கள், படித்தால் காசு. அவ்வளவுதான் கணக்கு. அவர்களில் ஓர் இளைஞர் ஆகஸ்டு முதல் நவம்பர் வரை தன் இரண்டு தளங்களிலிருந்து ஏறத்தாழ 16,000 டாலர் சம்பாதித்ததாகப் பின்னர் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அன்றைக்கு அந்த நாட்டின் சராசரி மாதச் சம்பளம் 371 டாலர்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்தக் கதையின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. இவர்களில் சிலர் முதலில் இடதுபக்கம் சாய்ந்த செய்திகளையும், எதிர்முகாமில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸுக்கு ஆதரவான செய்திகளையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவை அந்த அளவுக்குப் பரவவில்லை. டிரம்ப் செய்திகள் பரவின. ஆகவே டிரம்ப். விளைச்சல் பார்த்துப் பயிர் மாற்றுவதைப்போலக் கட்சியை மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் பின்தொடரும் அந்த மனிதர் இந்த வாரம் ஒரு பக்கத்தையும் அடுத்த வாரம் மறுபக்கத்தையும் தாக்குகிறார் என்றால் அவருக்கு மனக்குழப்பம் ஒன்றும் இல்லை. இரண்டு வயல்களிலும் விதைத்துப் பார்க்கிறார்.

எல்லாப் பொய்யும் காசுக்காக எழுதப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. அதே 2016 தேர்தலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இயங்கிய ரஷ்ய நிறுவனம் ஒன்றும் வேலை செய்தது. அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதினார்கள். 2018 பிப்ரவரியில் 13 ரஷ்யர்கள் மீது அமெரிக்காவில் குற்றச்சாட்டே பதிவானது. ரஷ்யத் தொடர்புள்ள கணக்குகள் சுமார் ஒரு லட்சம் டாலருக்குத் தன்னிடம் விளம்பரம் வாங்கியதாக ஃபேஸ்புக் அறிவித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வல்லரசைச் சேர்ந்தவர்கள் பொய் பரப்பக் கைக்காசைச் செலவழித்தார்கள். வெலெஸ் பையன்களுக்கோ அதே வேலைக்குக் காசு கைக்கு வந்தது. எனக்கு இரண்டாவது வகையிடம்தான் அதிக பயம். செலவழிக்கிறவனுக்கு என்றாவது ஒருநாள் கை சுருங்கும்.

என் அறிமுக வட்டத்தில் ஓர் இளைஞர் இருக்கிறார். யூடியூப் சேனல்களுக்குக் காணொளி வெட்டி, தலைப்பும் முகப்புப் படமும் செய்து கொடுப்பது அவர் தொழில். ஒருநாள் தன் கைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஒரு காணொளியை எத்தனை பேர் எந்த நொடி வரை பார்த்தார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. முதல் அரை நிமிடத்தில் செங்குத்தாக விழுகிறது. பிறகு மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. நான்காவது நிமிடத்தில் மட்டும் ஒரு சிறிய மேடு. “இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் சார்” என்றார். அங்கே என்ன இருக்கிறது என்று போட்டுக் காட்டச் சொன்னேன். ஓர் அரசியல்வாதி மேடையில் நின்று “இந்தத் திட்டத்தை நாங்கள் நிறுத்திவிடுவோம்” என்கிறார். காட்சி அதோடு வெட்டுப்பட்டு, அதிர்ச்சியடைந்த ஒரு முகம் வருகிறது.

முழு உரையும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. “இந்தத் திட்டத்தை நாங்கள் நிறுத்திவிடுவோம் என்று ஊரெல்லாம் வதந்தி பரப்புகிறார்கள்” என்பதுதான் அவர் பேசிய வாக்கியம். நம் மொழியில் ‘என்று’ பின்னால் வருகிறது பாருங்கள், அது இவர்களுக்குக் கிடைத்த வரம். ஒரு சொல்லுக்கு முன்னால் கத்தரி வைத்தால் மறுப்பு வாக்குமூலமாகிவிடுகிறது. “முழு வாக்கியத்தையும் போட்டிருக்கலாமே?” என்றேன். “ஒருமுறை அப்படிப் போட்டோம் சார், கோடு விழுந்துவிட்டது” என்றார். குற்ற உணர்ச்சியும் இல்லை, திமிரும் இல்லை. மழை பெய்தது என்று சொல்கிற குரல். அவர் வாயால் சொன்னதைத்தானே போட்டோம், நாங்கள் எதையும் சேர்க்கவில்லையே என்றும் சொன்னார். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டதற்கு, ஓட்டுப் போடப் போவதே இல்லை என்று சிரித்தார்.

இந்த இளைஞரைத் திட்டுவது சுலபம். நானும் அன்று கொஞ்சம் திட்டினேன். ஆனால் அந்தக் கோட்டை வரைந்து அவர் கையில் கொடுத்தது யார்? ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தருகிறது. நீளமான காணொளி என்றால் படைப்பாளிக்கு 55 சதவீதம், மீதி நிறுவனத்துக்கு. எது உண்மை என்று கேட்கும் கட்டம் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. இருப்பது பார்த்தார்களா, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது மட்டும். உண்மையான செய்தி ஒன்றைச் சேகரிக்க ஒரு நிருபர் நாலு இடம் அலைய வேண்டும், இரண்டு நாள் ஆகும், கடைசியில் அது செய்தியே இல்லை என்றும் தெரியவரலாம். வெட்டிய வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டுக்கும் ஒரே விலை என்றால் எது பெருகும் என்று வரலாற்று ஆசிரியருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனிமேல் எழுதப்போவது உங்களுக்கு வருத்தம் தரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ் தளம் (பழைய ட்விட்டர்) 2023 ஜூலையில் பதிவர்களுக்கு விளம்பரப் பணத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கியது. கட்டணச் சந்தா, 500 பின்தொடர்பவர்கள், மூன்று மாதங்களில் 50 லட்சம் பார்வைகள் என்று நிபந்தனைகள் அமைந்தன. எந்த விளம்பரத்தின் பணத்தில் பங்கு தெரியுமா? பதிவின் கீழ் வரும் பதில்களுக்கு நடுவே காட்டப்படும் விளம்பரங்கள். பதில் அதிகமானால் இடம் அதிகம், இடம் அதிகமானால் காசு அதிகம். “உண்மைதான்” என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் அந்த இடத்தை நிரப்ப மாட்டார்கள். சண்டைதான் நிரப்பும். 2024 நவம்பரில் இதை மாற்றி, சந்தாதாரர்கள் ஒரு பதிவுக்கு எவ்வளவு எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதை அளவுகோலாக்கினார்கள். வாசல் மாறியது, வீடு அதேதான்.

ஆகவே நீங்கள் அச்சுப் பிரதியைத் தேடி எடுத்து, பக்க எண்ணோடு எழுதிய அந்த மறுப்பு, அதற்கு வசைபாட வந்த நூறு பேர், அவர்களுக்கு நீங்கள் திரும்ப எழுதியவை எல்லாம் அவருடைய கல்லாவுக்குப் போயிருக்க வாய்ப்பு இருக்கிறது. அவருக்குப் பணம் கொடுப்பது யார் என்று கேட்டிருந்தீர்கள். விளம்பரதாரர் கொடுக்கிறார், நிறுவனம் பங்கு பிரிக்கிறது, கூட்டத்தை நீங்களும் நானும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பழைய கூத்தாடி ஊர் இரண்டுபடும் வரை காத்திருந்தான். இவனுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

ஃபேஸ்புக்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் கோபமுகக் குறி உட்பட ஒவ்வொரு உணர்ச்சிக் குறிக்கும் ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து எதை மேலே காட்டுவது என்று தீர்மானித்தார்கள். கோபத்தை அதிகம் ஈர்க்கும் பதிவுகளில் பொய்யும் நச்சும் கூடுதலாக இருப்பதை அவர்களுடைய ஆய்வாளர்களே கண்டு சொன்னார்கள். கோபமுகத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 வரை ஆனது. ஆக்கிய பிறகு பொய்த் தகவல் குறைந்தது, மக்கள் ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவது குறையவில்லை. 2021இல் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோதுதான் இதெல்லாம் நமக்குத் தெரிந்தது. ஓர் எண்ணைப் பூஜ்யமாக்க மூன்று ஆண்டுகள்!

மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்ற உங்கள் கேள்வியோடு எனக்கு உடன்பாடில்லை. பகிர்கிறவர்கள் எல்லோரும் நம்பித்தான் பகிர்கிறார்கள் என்று யார் சொன்னது? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2018இல் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்தது அது. பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. எல்லா வகைப் பொய்களிலும் அரசியல் பொய்தான் வேகமாக ஓடியது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை, ஓட்டியவர்கள் மனிதர்கள். பொய்க்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் அதிகம் இருந்தன. பொய் புதிதாக இருக்கிறது. உண்மை பெரும்பாலும் நேற்று நடந்ததைப்போலவே இருக்கும், பாவம். இதில் படிப்பறிவுக் குறை எங்கே இருக்கிறது? பட்டதாரிகளுக்கும் வியப்பு வரும்.

இது இருந்த இடத்திலேயே கிளிக் எண்ணிக்கொண்டு முடிந்துவிடுவதும் இல்லை. 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொலையாளி படகில் வந்த அகதி என்று ஒரு கற்பனைப் பெயர் சில மணி நேரத்தில் பரவியது. செய்தி நிறுவனம்போல வேடம் போட்ட ஓர் இணையதளமும் அந்தப் பெயரை வெளியிட்டது. கைதானவர் பிரிட்டனிலேயே, கார்டிஃப் நகரில் பிறந்தவர். காவல்துறை அதைச் சொன்ன பிறகும் மறுநாள் கலவரம் கிளம்பிவிட்டது. மசூதி தாக்கப்பட்டது. சில நாட்களில் ராதர்ஹாமில் புகலிடம் கோரியவர்கள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைத்தார்கள். மறு ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு இதை விசாரித்து, இந்த நிறுவனங்களின் வருமான முறையே தீங்கான பொய்களை ஊக்குவிக்கிறது என்று எழுதியது.

இதைப் பேசினால் உடனே கருத்துச் சுதந்திரம் என்பார்கள். எனக்கும் அதில் பற்று உண்டு, எதையும் நீக்கச் சொல்வதற்கு நான் தயங்குகிறவன்தான். ஆனால் பேசும் உரிமை வேறு, பேசியதற்குக் கூலி பெறும் உரிமை வேறு. பின்னது ஓர் ஒப்பந்தம். யாருக்குப் பணம் கொடுப்பது என்பதை நிறுவனம் இன்றைக்கும் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறது. பயனர்களின் திருத்தக் குறிப்பு பெற்ற பதிவுக்குப் பங்கு கிடையாது என்று 2023 அக்டோபரில் எக்ஸ் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் குறிப்பு வந்து ஒட்டுவதற்குள் பொய் ஊர் சுற்றிவிட்டு வந்துவிடுகிறது. காசு அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். யூடியூப் பணம் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல்தான் கைக்கு வரும். பொய்யை உடைத்துக் காட்ட இரண்டு நாள் போதும். அந்த இடைவெளியில் பணத்தை நிறுத்திவைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நிறுத்தினால் நியாயப்படி தன் பங்கான 45 சதவீதத்தையும் நிறுவனம் விளம்பரதாரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் இடிக்கிறது.

(என் தளத்தில் விளம்பரம் இல்லை. இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வரும் கூட்டத்துக்கு எவரும் விளம்பரம் தர மாட்டார்கள்.)

2025 நவம்பரில் எக்ஸ் தளம் ஒவ்வொரு கணக்கும் எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று காட்டத் தொடங்கியது. அமெரிக்கக் கொடியையும் கழுகையும் முகப்பில் வைத்துத் தேசபக்தி பேசிய கணக்குகள் பல, நைஜீரியா, வங்கதேசம், கிழக்கு ஐரோப்பா என்று காட்டின. அந்தத் தகவல் முழுத் துல்லியமானதல்ல என்று நிறுவனமே சொன்னது, அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் எனக்கு வெலெஸ் நினைவுக்கு வந்தது.

மறுப்பு எழுதுவதை நிறுத்திவிடலாமா என்று நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அவர் பதிவின் கீழே எழுதாமல் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். அவருடைய பதிவை மேற்கோளாக இணைக்காமல், என்ன சொல்லப்படுகிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உண்மைக்குப் போங்கள். அந்த அச்சுப் பிரதியின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், ‘என்று’ கண்ணில் படும்படி. அந்தப் பொய்யை உங்களுக்கு அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தால் அவரிடம் தனியே பேசுங்கள். இதனால் கூட்டம் சேராது, நூறு பேர் திட்ட வரமாட்டார்கள், ஆரம்பத்தில் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும்.

அந்தக் கணக்கை அம்பலப்படுத்தச் சொல்லியிருந்தீர்கள். கடிதத்தில் நீங்கள் இணைத்திருந்த சுட்டியை எடுத்துவிட்டுத்தான் பிரசுரித்திருக்கிறேன்.

அன்புடன்.