கலர் கரெக்‌ஷனுக்கு 14,000 ரூபாயா?

கேள்வி: மூன்று வருடமாக வீட்டிலேயே பாக்கெட் டை வாங்கிக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது பிரவுனாக மாற்ற ஆசை. பார்லர் விலைப்பட்டியலில் முழு முடிக்கும் கலர் 4,500 ரூபாய் என்று இருக்கிறது. என் முடியைப் பார்த்ததும் "இது கரெக்‌ஷன் மேடம், 14,000 ஆகும்" என்கிறார்கள். ஏமாற்றா? டிப்ஸ் 20 சதவீதம் வைக்கணும் என்கிறாள் டெக்சாஸில் இருக்கும் தங்கை.
(வாசகி, வேளச்சேரி)

பதில்: ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. டை ஏறிய முடிமேல் இன்னொரு டை போட்டால் நிறம் வெளுக்காது. முதலில் பழைய கறுப்பை ரிமூவரோ பிளீச்சோ போட்டு எடுக்கணும், அப்போது தலை ஆரஞ்சாகப் பல்லிளிக்கும், அதை அடக்க டோனர், அப்புறம்தான் நீங்கள் கேட்ட பிரவுன். அரை நாள் ஒரு நாற்காலியும் இரண்டு ஆட்களும் உங்களுக்கே போய்விடும், ஒரே சிட்டிங்கில் முடியாமலும் போகலாம்.

எனக்கு உறுத்துவது தொகை இல்லை, அதை வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். எத்தனை சிட்டிங், பிளீச் கூடுதலாகப் போனால் யார் செலவு, முடி நீளத்துக்குத் தனிக் காசா, கடைசியில் "முடி ட்ரை ஆயிடுச்சு" என்று ஏற்றிவிடும் ட்ரீட்மென்ட் இதில் சேர்த்தியா என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கட்டும் முன்பே ஒரு சின்னக் கொத்து முடியில் பிளீச் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடை மருதாணிப் பொடி எப்போதாவது போட்டிருந்தால் மறைக்காதீர்கள், சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், பிளீச் பட்டால் முடி பொசுங்கிவிடும். பார்லர் சேவைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, ஆக 14,000க்கு 700தான். 2,520 என்று போட்டிருந்தால் பில்லைத் திருத்தாமல் பணம் கொடுக்காதீர்கள்.

டிப்ஸ் விஷயத்தில் தங்கை சொல்வது அவர் ஊர் கணக்கு. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால்கூட மத்திய சட்டம் விட்டுவிடுகிறது, மீதியை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். சென்னையில் அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. நானாக இருந்தால் கலர் செய்தவருக்கு 500, தலை அலசிவிட்ட பெண்ணுக்கு 200, இரண்டையும் அவரவர் கையில் ரொக்கமாகக் கொடுப்பேன். பில்லோடு சேர்த்து கடையின் ஜிபேக்கு அனுப்பினால் அவர்கள் கைக்குப் போகிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

கரெக்‌ஷனே சொதப்பினால் அதே பார்லர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும், அதற்கு டிப்ஸ் வேண்டாம். மறுத்தால் பில், போட்டோ, அந்த வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.