கோப்ரா இருந்ததே, மெடிகேருக்கு ஏன் அபராதம்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், வயது 67. 65 ஆனபோது வேலையில் இருந்ததால் மெடிகேரில் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ மட்டும் எடுத்தேன். 2024 ஜூன் 30-ல் ஓய்வு பெற்றேன். "18 மாதம் கோப்ரா இருக்கிறது, அதுவரை பார்ட் பி வேண்டாம்" என்று ஹெச்ஆரில் சொன்னார்கள். (கோப்ரா என்பது வேலை விட்ட பிறகும் நாமே பணம் கட்டிப் பழைய கம்பெனி காப்பீட்டைத் தொடரும் வசதி; பார்ட் பி டாக்டர் செலவுக்கானது.) 2025 டிசம்பரோடு கோப்ரா முடிந்தது. இப்போது போய்க் கேட்டால், தாமதமாகிவிட்டது, அபராதம் உண்டு என்கிறார்கள். மனைவிக்கு வரும் அக்டோபரில் 65. பன்னிரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு மட்டும் காப்பீடு உண்டு.

பதில்: அபராதம் உண்டு என்று அவர்கள் சொன்னது சரிதான். கோப்ராவில் அதே அட்டை, அதே டாக்டர் என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் சட்டம் கேட்பது, 'நீங்களோ துணைவரோ வேலையில் இருப்பதால் வந்த காப்பீடா?' என்பதைத்தான். கோப்ரா அப்படி வந்ததல்ல. அதனால் நீங்கள் ஓய்வு பெற்றதுமே, அபராதமின்றி பார்ட் பி-யில் சேர்வதற்கான 8 மாதக் கெடு ஓடத் தொடங்கிவிட்டது. 2025 பிப்ரவரியோடு அது முடிந்தது.

இனி பொதுச் சேர்க்கைக் காலம்தான் வழி: ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை. ஜனவரியிலேயே விண்ணப்பித்தால் பிப்ரவரி 1-ல் காப்பீடு தொடங்கும். தவறிய ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம். உங்களுக்கு இதுவரை ஒரு முழு ஆண்டுதான் கணக்கு. 2026-ன் அடிப்படை பிரீமியம் 202.90 டாலர், அதோடு மாதம் சுமார் 20 டாலர் சேரும், பார்ட் பி இருக்கும் வரை. மார்ச்சையும் விட்டுவிட்டால் அடுத்த ஜனவரியில் அது 20 சதவீதம்.

ஆனால் ஹெச்ஆர் சொன்னதை விட்டுவிடாதீர்கள். 2023 ஜனவரி முதல், முதலாளியோ காப்பீட்டுத் திட்டமோ தவறான தகவல் தந்ததால் தாமதித்தவருக்குத் தனிச் சேர்க்கை வாய்ப்பு உண்டு. அது கிடைத்தால் அபராதமே இல்லை. ஹெச்ஆர் அதை மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள் என்றால், யார், எப்போது, என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதி இணையுங்கள். அது நிராகரிக்கப்பட்டால் பொதுச் சேர்க்கையாகவே எடுத்துக்கொள்ளும்படி கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மருந்துக்கான பார்ட் டி தனிக் கணக்கு. தகுதியான மருந்துக் காப்பீடு முடிந்து 63 நாள் இடைவெளி விழுந்தால் அதற்கும் அபராதம். பிப்ரவரி முடிவதற்குள் சேர்ந்துவிடுங்கள்.

கோப்ரா காலத்து ஆஸ்பத்திரி செலவில், 'மெடிகேர் தந்திருக்க வேண்டிய பங்கைத் திருப்பிக் கொடுங்கள்' என்று காப்பீட்டுத் திட்டத்திடமிருந்து கடிதம் வந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் திட்டத்தின் விதி நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், உங்கள் மனைவி. அவர் வேலையில் இருப்பதால் தாமதித்தாலும் அபராதம் வராது. ஆனால் 20 பேருக்குக் குறைந்த நிறுவனத்தில் 65-க்குப் பிறகு மெடிகேர்தான் முதலில் பணம் தர வேண்டியது. அது இல்லாவிட்டால் கம்பெனி காப்பீடு தன் பங்கை மட்டும் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். அவருக்கு ஜூலையில் சேர்க்கை திறக்கும். செப்டம்பர் முடிவதற்குள் விண்ணப்பித்தால் அக்டோபர் 1-லேயே பார்ட் பி கைக்கு வரும்.