38 வயதில் சமூகவியல் ஆசிரியராக முடியுமா?

கேள்வி: பி.காம். படித்தவள். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 38. எம்.ஏ. சமூகவியல் படித்து ஆசிரியராக விருப்பம். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா? தொலைநிலைப் பட்டம் செல்லுமா? – வாசகி, மேடவாக்கம்.

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். உங்களுக்குச் சிக்கல் வயதிலோ பட்டத்திலோ இல்லை, பணியிடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

முதலில் பள்ளி. ஆசிரியர் தேர்வு வாரியம் முதுநிலை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் பாடங்களில் வரலாறு, பொருளியல் எல்லாம் உண்டு, சமூகவியல் இல்லை. சி.பி.எஸ்.இ. 11, 12ஆம் வகுப்புகளில் இது விருப்பப் பாடம் என்றாலும், அதை நடத்தும் பள்ளிகள் சென்னையில் குறைவு. அந்தச் சில இடங்களை நம்பி பி.எட்.டுக்காக இரண்டு ஆண்டு செலவிட நான் சொல்லமாட்டேன்.

ஆகவே கல்லூரிதான். உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும், நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். 2023 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. நெட்டில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது; ஆய்வு உதவித்தொகைக்கு மட்டும் உண்டு, அதைத் தாண்டிவிட்டீர்கள். அரசுக் கல்லூரிப் பணிக்கு 2024இல் வந்த அறிவிப்பில் வயது உச்சவரம்பு 57.

பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு நிகரானது. இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டதாரியும் எம்.ஏ. சமூகவியலில் சேரலாம், இரண்டாண்டுப் படிப்பை நான்கு ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனத்தையும் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும், அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

தொலைநிலையில் படிப்பவர்கள் சறுக்குவது மதிப்பெண்ணில்தான். ஒப்படைப்புகளைக் கடைசி வாரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக எழுதி, 52 சதவீதத்தோடு வெளியே வருவார்கள். பட்டம் கையில் இருக்கும், நெட் எழுத முடியாது. சில பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு என்றாலும், 60ஐக் குறிவையுங்கள்.

இறுதியாண்டிலேயே நெட் எழுதலாம். இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர் என்றால் டர்க்ஹைம், வேபர் முதல் எம்.என். சீனிவாஸ் வரையிலான சமூகவியல் அறிஞர்களை ஆங்கிலத்திலும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இனி வேலை. சமூகவியல் துறை உள்ள கல்லூரிகளை மட்டும் தேடினால் சீக்கிரம் சலித்துவிடும். சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்பில் சமூகவியல் இருக்கிறது, பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவத்திலும் இருக்கிறது. இவற்றுக்கும் ஆசிரியர் வேண்டும், ஆனால் விண்ணப்பிப்பவர்கள் குறைவு. குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்போர் நிறைய. அண்ணா நகர்ப் பயிற்சி மையங்கள் நெட் சான்றிதழ் கேட்பதில்லை, வகுப்பை நடத்திக் காட்டச் சொல்கின்றன. வார இறுதியில் அங்கே தொடங்கலாம். கற்பித்தல் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் சம்பளத்தை இழக்காமலே தெரிந்துவிடும்.

சம்பளம் என்றதும் ஒன்று. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளருக்கு, அதாவது நிரந்தரப் பணியில் இல்லாத ஆசிரியருக்குக் கிடைப்பது மாதம் 25,000 ரூபாய் அளவில், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். இப்போதைய ஊதியத்தோடு ஒப்பிட்டு, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கட்டணமும் இருந்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணக்குப் பிரிவுக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முனைவர் பட்டத்தைப் பகுதிநேரமாகச் செய்யலாம். நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். நீங்கள் தினமும் பார்க்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இரவுப் பணிப் பெண்கள், வாடகைக் குடியிருப்புகள் என ஆய்வுப் பொருளுக்கும் பஞ்சமில்லை. முனைவர் பட்டத்தைப் பற்றி எம்.ஏ. முடிந்த பிறகு யோசித்தால் போதும்.