ராமநாதபுரம் கடற்கரைச் சாலையில் ரிகம்பன்ட் டிரைக் ஓட்டலாமா?

கேள்வி: சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள் (ரிகம்பன்ட் டிரைக்) ராமநாதபுரம் பக்கம் அன்றாடப் புழக்கத்துக்கு உதவுமா? அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால் பஸ், லாரி ஓட்டுநர்களின் கண்ணில் படுவோமா?

உதவும், ஆனால் எல்லாச் சாலையிலும் உதவாது.

நான் உச்சிப்புளிக்காரன். காதுக்குள் வந்த கோளாறால் நிலை தடுமாறத் தொடங்கியபின், இரண்டு சக்கர வண்டியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பெங்களூரில் ஒருவர் ஓட்டி அலுத்துப்போன டிரைக்கை வாங்கிவந்து, அதில்தான் புதுமடத்துக்கும் அரியமானுக்கும் போய்வருகிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று; இதை டாட்போல் என்பார்கள். முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக இருப்பது டெல்டா. நம் ஊர் மீன் வண்டி, தண்ணீர் வண்டியெல்லாம் அந்த அமைப்புதான். வளைவில் பிரேக் பிடித்தால் டெல்டா சீக்கிரம் கவிழப் பார்க்கும். எனவே நான் சொல்வதெல்லாம் டாட்போலைப் பற்றி.

கண்ணில் படுவோமா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தூரத்தில் வரும் ஓட்டுநருக்கு நன்றாகவே தெரிவீர்கள். சாலையில் ஒரு பனைமட்டை கிடந்தால்கூட லாரிக்காரர் பார்த்து ஒதுங்கிப் போகிறவர்தான். ஆபத்தெல்லாம் கிட்டத்தில். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது லாரியின் மூக்கடியில் போய் நிற்காதீர்கள். பஸ்ஸின் இடப்பக்கமாக நுழையாதீர்கள். அங்கே நீங்கள் ஓட்டுநரின் பார்வையிலேயே இல்லை. பின்னால் கொடி கட்டாயம் வேண்டும். கடையில் விற்கும் கொடி, ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றில் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். மீனவர்கள் வலை கிடக்கும் இடம் தெரிவதற்காக மிதவையில் கட்டும் கொடிக் கம்பை ஒருவரிடம் கேட்டு வாங்கி, இருக்கையின் பின்னால் குழாய் வைத்துச் செருகியிருக்கிறேன். இருபுறமும் கண்ணாடி, பகலிலும் எரியும் சிவப்பு விளக்கு. இவ்வளவு போதும்.

உண்மையில் என்னைப் பயமுறுத்துவது லாரி அல்ல, பக்கத்திலேயே ஒட்டிவந்து கைப்பேசியில் படம் எடுக்கும் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள். ஒரு கை ஹேண்டில்பாரில், கண் திரையில். அப்படி யாராவது வந்தால் நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஆசைதீர எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். சந்தைக்குப் போகும் ஆச்சிகள் கேட்பது வேறு: "ஏப்பா, இது கலெக்டர் ஆபீஸில் கொடுத்த வண்டியா?"

தாழ்வைவிட அகலம்தான் இங்கே பெரிய சிக்கல். முன்சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய முக்கால் மீட்டர் இருக்கும். சாதாரண சைக்கிள் தார்ச்சாலையின் விளிம்பில் ஒரு சாண் இடம் கிடைத்தாலும் போய்விடும், டிரைக்கால் முடியாது. தவிர, மூன்று சக்கரமும் மூன்று தடத்தில் ஓடுகின்றன. ஒரு சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து காப்பாற்றினால் இன்னொன்று இறங்கும். எனவே ஓரத்தில் ஒண்டாமல், தார் மீதே உறுதியாக, நேர்கோட்டில் போக வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள்.

மூன்று தடம் என்பதற்கு நம் மாவட்டத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு: சீமைக்கருவேல முள். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் போய்ப்பாருங்கள், எத்தனை பஞ்சர் என்று தெரியும். இதில் ஒரு வசதி, முன்சக்கரங்கள் ஒரு பக்க அச்சில் மட்டும் மாட்டியிருப்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே ட்யூப் மாற்றலாம். 20 அங்குலச் சக்கரம் கொண்ட பெரும்பாலான டிரைக்குகளுக்குச் சிறுவர் சைக்கிள் ட்யூபே பொருந்தும். ஆனால் டயரில் 20 x 1.75 அல்லது 20 x 2.125 என்று இருக்கிறதா பாருங்கள். 20 x 1 3/8 என்பது வேறு ரிம்; டயர் ஏறவே ஏறாது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் எந்த வண்டியைப் பற்றியும் பேச முடியாது. ஆனி, ஆடியில் மண்டபம் பக்கம் குறுக்கே அடிக்கும் கச்சானில் இரண்டு சக்கர சைக்கிள்காரர் காற்றின் பக்கமே சரிந்து ஓட்டுவார். லாரி ஒன்று கடந்து ஒரு கணம் காற்று மறைந்தால் அப்படியே சாலைக்குள் தள்ளாடுவார். டிரைக்குக்கு அந்தத் தொல்லை அறவே இல்லை. எதிர்க்காற்றிலும் சாய்ந்த உடம்பு குறைவாகவே தடுக்கும். 1933இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த அமைப்பைப் பந்தயத்திலிருந்து ஒதுக்கிவிட்டது. மேட்டில் ஏறும்போது டிரைக்கின் எடைதான் ஆளை வாட்டும். நம் பக்கம் மேடே இல்லை என்பதால் அந்தக் குறை தெரிவதில்லை.

கால் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஓடும்போது மிதியிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னே போக, கால் சட்டத்துக்கு அடியில் மடங்கும். எலும்பு முறிய அது போதும். செருப்போடு மிதிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, குதிகாலைத் தாங்கும் பட்டையோ, மிதியில் பூட்டிக்கொள்ளும் காலணியோ போடுங்கள். இதைவிட முக்கியமான பாதுகாப்புச் சாதனம் டிரைக்கில் கிடையாது.

செயினின் நீளம் சாதாரண சைக்கிளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. உப்புக்காற்றில் துரு பிடிக்க அவ்வளவு இடம். கழுவி வையுங்கள் என்று எல்லோரும் சொல்லுவார்கள். குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்கும் ஊரில் அது நடக்கிற காரியமா? ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் விடுகிறேன், சமாளிக்கிறது. வெயிலும் நேரே முகத்தில் விழும். முன்னால் நீண்ட விளிம்புள்ள தொப்பி வேண்டும். காலை எட்டு மணிக்குமேல் நான் வெளியே எடுப்பதில்லை.

வாங்குமுன் வீட்டு வாசலை அளந்துவிடுங்கள். பல டிரைக்குகள் நிலைக்குள் நுழையாது. மழையில் வெளியே நின்றால் ஒரே வாடைக் காலத்தில் பாழ். புதிதாக இறக்குமதி செய்தால் விலை மோட்டார் சைக்கிளைத் தாண்டிவிடும். மோட்டார் பொருத்த நினைத்தால் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் போனால் பதிவு எண், உரிமம் என்று வேறு வழக்கு.

பாம்பன் சாலைப் பாலத்தில் விடுமுறை நாளில் ஓட்டாதீர்கள். 1988இல் திறந்த அந்தப் பாலத்தில் சுற்றுலா வாகனங்கள் ரயில் பார்க்க நடுவிலேயே நின்றுவிடும். டிரைக்குக்கு ஒதுங்க இடமில்லை. தனுஷ்கோடி வரை போக ஆசையென்றால் மண்டபத்தில் ஒரு குட்டியானையை (சிறிய சரக்கு வண்டி) பிடித்து ஏற்றிக்கொண்டு, ராமேஸ்வரத்தில் இறக்கி ஓட்டுங்கள். அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக்கிடக்கும் இடங்களில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். எடையின் பெரும்பகுதி முன்னால் இருப்பதால் பின்சக்கரம் மணலில் வெறுமனே சுழலும்.