தாத்தாவின் பழைய ரிவால்வருக்கு நானே தோட்டா நிரப்பி ரேஞ்சில் சுட்டுப் பார்க்கலாமா?

கேள்வி கேட்டவர் ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். தாத்தாவின் .32 வெப்ளி ரிவால்வர் வாரிசு முறையில் உங்கள் பெயருக்கு மாறியிருக்கும். தோட்டா விலையைக் கேட்டதும் தலை சுற்றியிருக்கும். அமெரிக்காக்காரர்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து காலி கேஸில், அதாவது சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில், வெடிமருந்து நிரப்புகிற வீடியோ நாலைந்து பார்த்திருப்பீர்கள்.

பண்ணாதீங்க.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் லைசென்ஸ் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்துக்கொள்ளத்தான். தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவில் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 'மலையில் நாட்டுத் துப்பாக்கிக்கு அவனவன் மருந்து கெட்டிக்கிறானே' என்று யாராவது கமெண்டில் வருவார்கள். குழல் வாய் வழியாக மருந்து போடுகிற துப்பாக்கி வேறு, ரிவால்வர் தோட்டா வேறு ஐயா. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

இனி நான் கண்ணால் பார்த்தது. சேலத்தில் நாங்கள் சுடும் ரேஞ்சில் பாதுகாப்பு பார்க்கிற வேலை பல வருடமாக என் தலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், உங்களைப் போலவே தாத்தாவின் ரிவால்வரோடு வந்தார். லைசென்ஸ் சரி. தோட்டா டப்பாவும் கம்பெனி டப்பாதான். உள்ளே இருந்தது மட்டும் மலையில் யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் வெடி ஒழுங்காகப் போனது. இரண்டாவது 'டப்' என்றது, அவ்வளவுதான். கை உதறவில்லை. தாளில் புது ஓட்டை இல்லை. தம்பி அடுத்ததற்கு விசையில் விரலை வைத்துவிட்டார். "தம்பி, விரலை எடுங்க! குழல் முன்னாடியே இருக்கட்டும், திருப்பாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேன்காரரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வைத்துவிட்டுத்தான் வாங்கினேன். வெப்ளியை நடுவில் மடக்கித் திறந்து, சிலிண்டரைக் காலி செய்து, பித்தளைக் கம்பியைக் குழல் வாயில் விட்டால் பாதியிலேயே நின்றது. ஈயக் குண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. காலி கேஸைத் தட்டினால் எரியாத மருந்து கட்டியாக விழுந்தது. ஏற்காட்டுப் பனி ஈரம் ஏறியிருக்கிறது. கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு வெடித்த வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. மூன்றாவதைச் சுட்டிருந்தால் குழல் எலி விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்திருக்கும், இல்லை கிழிந்திருக்கும்.

'போலீஸுக்குச் சொன்னீங்களா?' என்று கேட்பவர்களுக்கு: மீதித் தோட்டாக்களை ரேஞ்சின் செயலாளர் அன்றைக்கே எழுதிக் கொடுத்து ஸ்டேஷனில் ஒப்படைத்தார். நான் யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஈர மருந்தைப் பற்றி இல்லை. மருந்து குறைந்தால் 'டப்' என்று காட்டிக்கொடுக்கும். கூடினால் இந்தத் துப்பாக்கி காட்டிக்கொடுக்காது. வீடியோவில் சுட்ட கேஸைக் கையில் எடுத்து, கேப்பு தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து 'அழுத்தம் ஓகே' என்கிறார்கள் அல்லவா, அது அதிக அழுத்தத் தோட்டாவுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். 9 எம்.எம். தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு (பி.எஸ்.ஐ.). உங்கள் .32 லாங் தோட்டாவுக்கு 15,000தான். கேப்பு தட்டையாகிற அழுத்தம் வருவதற்குள் தாத்தா துப்பாக்கி தன் வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும். துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்துக் குத்துகிற பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை இருக்கிறதே என்றால், அது பிறந்தபோது வாங்கிய சான்றிதழ். இத்தனை வருடத்தில் மேல் கொக்கி தேய்ந்ததும், சிலிண்டர் ஆடுவதும் அதில் வராது.

கையால் நிரப்பிய தோட்டாவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் அனுமதிக்கிற நாடுகளில் ஒவ்வொன்றையும் எடை போட்டு, வேகம் அளக்கும் கருவி வைத்து, அழகாகச் செய்கிறார்கள். நீங்கள் முதலில் லைசென்ஸ் உள்ள ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) காட்டுங்கள். சிலிண்டர் அறை குழலோடு நேராக நிற்கிறதா, பூட்டு இறுக்கமா என்று பார்க்கட்டும். சரி என்றால் டீலரிடம் அரசுத் தொழிற்சாலை .32 தோட்டா வாங்கிக் கொஞ்சமாகச் சுடுங்கள். விலை வயிற்றெரிச்சல்தான்.

விலையை விடுங்கள், தேர்தல் வந்தால் என்ன பாடு என்று தெரியுமா? 2024-ல் மார்ச் 16 அறிவிப்பு. துப்பாக்கியை ஒப்படை என்றார்கள், ஒப்படைத்தோம். நமக்கு ஓட்டு ஏப்ரல் 19-லேயே முடிந்தது. ஆனால் ஊர் உலகமெல்லாம் ஓட்டுப் போட்டு, ஜூன் 4 எண்ணி முடிக்கிற வரைக்கும் நம் துப்பாக்கி ஸ்டேஷன் மூலையில் சாக்குப் பைக்குள். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்தபோது குழலுக்குள் செம்மண் நிறத்தில் துரு. கேட்டால், "எண்ணெய் போட்டுக் கொடுத்திருக்கணும் சார்" என்கிறார் ரைட்டர். போட்டுத்தான் கொடுத்தேன், சாக்கு குடித்துவிட்டது. அடுத்த முறை டீலரிடமே வைக்கப்போகிறேன். வாடகை கேட்பார், கேட்கட்டும்.