பதில்: 40 இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட இல்லை

வணக்கம் தம்பி. ஜவுளிக்கடையில் 6 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறீர்கள், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 40 இடங்களுக்கு விண்ணப்பித்தும் பலனில்லை, இப்போது ஒருவர் மட்டும் வேலை உறுதி என்று சொல்லி 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில், அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். வேலை கொடுப்பவர் சம்பளம் கொடுப்பார், கட்டணம் கேட்க மாட்டார். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இப்போதே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

உங்கள் சுயவிவரத்தைப் பார்த்தேன். அச்சிட்ட தாளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஓரத்தில் மேசை விளிம்புகூடத் தெரிகிறது. பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது கணினிதான். படத்துக்குள் இருக்கும் 'டாலி' என்ற சொல் அதன் கண்ணில் படாமலே போகலாம். வேர்டில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். 'கடின உழைப்பாளி' என்ற வரியை எடுத்துவிட்டு, மாதம் எத்தனை பில் பதிகிறீர்கள், ஜிஎஸ்டி கணக்கை நீங்களே தாக்கல் செய்கிறீர்களா என்று எழுதுங்கள். 6 ஆண்டு உழைப்பை ஒரே வரியில் முடித்திருப்பதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்தில் பதிவு இலவசம். மத்திய அரசின் நேஷனல் கரியர் சர்வீஸ் என்ற வேலைவாய்ப்பு இணையதளமும் அப்படியே. சென்டரை விட்டு எழும் முன் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, கணினியில் தங்கிவிட்ட ஆதார் நகலையும் அழித்துவிடுங்கள். திருத்திய சுயவிவரத்தை அனுப்புங்கள், இன்றிரவே படித்துச் சொல்கிறேன்.