ஒரு நகரத்தை மற்ற நகரங்களிலிருந்து உண்மையிலேயே தனித்துக் காட்டுவது எது?

நான் வேலூர்க்காரன். "உங்க ஊர்ல இன்னா விசேஷம்?" என்று கேட்டால் மற்ற ஊர்க்காரர்கள் இருப்பதைச் சொல்வார்கள். நாங்கள் இல்லாததைச் சொல்வோம். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். கடைசி அயிட்டம் காவலர் பயிற்சிப் பள்ளியைக் கிண்டல் செய்வது. லத்தி இருக்கும், விறைப்பு இருக்கும், யாரையும் பிடிக்கத்தான் முடியாது.

இந்தப் பட்டியலை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபோதே அதில் ஒன்று காலாவதியாகி இருந்தது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லை. 1981ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தொல்லியல் துறைக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சாமி வந்தது வந்ததுதான். ஆறும் ஒருமுறை எங்களைப் பொய்யாக்கியது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இது நம்ம ஆறுதானா, இல்ல வேற எதனா வழி தவறி வந்துட்ச்சா?" என்றார். சில மாதத்தில் மறுபடி மணல் தெரிய ஆரம்பித்ததும் எல்லோருக்கும் நிம்மதி. பழகிய முகம் அல்லவா.

சரி, கேள்விக்கு வருகிறேன். கோட்டை ஒரு ஊரைத் தனித்துக் காட்டிவிடாது. கம்பீரமான கோட்டை வேண்டுமென்றால் செஞ்சிக்குப் போங்கள். கோயில் வேண்டுமென்றால் காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. பிரியாணியை ஆம்பூர் எடுத்துக்கொண்டது, 2019ல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஆம்பூரையே திருப்பத்தூர் எடுத்துக்கொண்டது. மக்கன்பேடா ஆற்காட்டுக்காரர்களுடையது. அவர்களும் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அந்தக் கால வட ஆற்காடு மாவட்டம் இருந்தவரை இதெல்லாம் நம்முடையது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஊர்களை அளக்க நான் வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறேன். புதிதாக வந்து இறங்கியவனிடம் அந்த ஊர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்று பார்ப்பேன். திருவண்ணாமலையில் "கிரிவலமா?" என்பார்கள். திருப்பூரில் "எந்தக் கம்பெனி?" காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் "பட்டுப் புடவையா சார்?" சென்னை எதுவும் கேட்காது, அது அந்த ஊரின் குணம். வேலூரில் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்கு உடம்பு சரியில்ல?"

இதை இந்தியில் கேட்பார்கள், பெங்காலியில் கேட்பார்கள், கடைசியாகத்தான் தமிழில் கேட்பார்கள். காரணம் சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலை அது. (பிரசவம் பார்க்க ஆண் டாக்டர் கூடாது என்று குடும்பத்தார் மறுத்ததால் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் செத்துப்போன கதை இங்கே நடந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது திண்டிவனத்தில் நடந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார்.) 1918ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி, 1947ல் ஆண்களையும் சேர்த்தார்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தும் வேலையை டாக்டர் பால் பிராண்ட் இங்கேதான் வளர்த்தெடுத்தார். இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971ல் இங்கே நடந்தது. இதெல்லாம் ஆஸ்பத்திரியின் பெருமை. நான் சொல்ல வருவது ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் ஊரைப் பற்றி.

எங்கள் வீடு தோட்டப்பாளையத்தில். மாடியில் இரண்டு அறைகள், நாள் வாடகைக்கு விடுவோம். அப்பா வேலைக்குப் போய்விடுவார், எல்லாம் அம்மாவின் ராஜ்ஜியம்தான். அறையோடு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு அலுமினியப் பாத்திரம், ஒரு வாளி. வருகிறவர்கள் நான்கு நாளில் கிளம்பிவிடலாம் என்று வருவார்கள். முதல் டெஸ்ட்டின் ரிசல்ட் இரண்டாவது டெஸ்ட்டுக்கு அனுப்பும், அது இன்னொரு டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பும். நான்கு நாள் நாற்பது நாளாகும். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு. 'பயாப்சி ரிசல்ட் வரவில்லை' என்பதை மூன்று மொழிகளில் புரிந்துகொள்வாள்.

மாடிக்கு வந்தவர்கள் எல்லோரும் அம்மாவை "மாஷிமா" என்றார்கள். சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி. அப்பாவை "தாதா" என்றார்கள். பெங்காலியில் அண்ணன். ஆனால் தமிழில் தாதா என்றால் நமக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவோ பெயிண்ட் கடையில் கணக்கு எழுதுகிறவர், குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. தெருவில் நாலு பேர் பார்க்க "தாதா, தாதா" என்று ஒருவர் ஓடிவரும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும்.

முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. மனைவிக்கு என் அக்கா வயதுதான் இருக்கும். ஒருநாள் அம்மா கடைத்தெருவுக்குப் போனபோது அவரும் கூடப் போய், கத்திரிக்காய் குவியலில் கையை விட்டு, "ஆ" என்று உதறினார். அது எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். காம்பிலும் அதைச் சுற்றிய பச்சைத் தோட்டிலும் முள் இருக்கும். (2023ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதற்கு முன்னாலேயே அது குத்திக்கொண்டுதான் இருந்தது.) அம்மா சிரித்துக்கொண்டே காம்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். அன்று மாலை மாடியிலிருந்து ஒரு தட்டு இறங்கி வந்தது. கத்திரிக்காயைத் தடிமனான வட்டமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் பொரித்திருந்தார். வீடெல்லாம் மூக்கைத் துளைக்கும் நெடி. அப்பா ஜன்னலைத் திறந்து வைத்தார். அம்மா மட்டும் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம புளிக்குழம்பு அளவுக்கு இல்ல, ஆனா கெட்டுப்போகல" என்று தீர்ப்பு சொன்னாள். மறுவாரம் அவளே கடையில் கடுகெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். இப்போது விசாரிக்கவே வேண்டாம். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடுகெண்ணெய் பாட்டில் வரிசையாக நிற்கிறது, பெங்காலி எழுத்தில் போர்டு தொங்குகிறது. நாம் ஆயுத பூஜைக்கு வாங்கும் பொரியை அவர்கள் 'முடி' என்று தினமும் வாங்குகிறார்கள். முதல்முறை கடைக்கார அண்ணனிடம் ஒருவர் வந்து "முடி இருக்கா?" என்று கேட்டபோது, அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம். இதை அவரே சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும்.

கொஞ்சம் யோசித்தால், இந்த ஊரின் வேலையே எப்போதும் இதுதான் என்று தோன்றுகிறது. வேறெங்கிருந்தோ வருகிறவர்கள், வர விரும்பாமல் வருகிறவர்கள், எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் இங்கே காத்திருப்பார்கள். ராஜா இல்லாத கோட்டை என்கிறோமே, அந்தக் கோட்டைக்கு ராஜாக்கள் வந்தார்கள், கைதிகளாக. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர்கள் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1816ல் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்தார்கள். அவர் பதினாறு வருடம் காத்திருந்து 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது, கண்டியை ஆண்டவரின் சமாதி தண்ணியில்லாத ஆற்றைப் பார்த்தபடி. தொரப்பாடியில் இருப்பது மத்தியச் சிறை. 1921 கடைசியில் ராஜாஜி அங்கே மூன்று மாதம் இருந்தார்.

1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி, எல்லோருக்கும் பாடப்புத்தகத்தில் தெரியும். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டு என்று சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர்கள் உத்தரவு போட்டார்கள். சிப்பாய்கள் விடிவதற்கு முன்பே கோட்டையைப் பிடித்தார்கள். 1857க்கு 51 வருடம் முன்பு. முந்தின நாள்தான் கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். கல்யாண வீட்டுக் கூட்டத்தை யார் சந்தேகப்படுவார்கள்? காலையிலேயே ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தார், நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றார்கள்.

பாடப்புத்தகம் அதோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. திப்புவின் மகன்களை இனி இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று அவர்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கடைசி மகன் குலாம் முகமது 1842ல் அங்கே தர்மதலாவில் அப்பாவின் பெயரில் ஒரு மசூதி கட்டினார். இன்றும் இருக்கிறது. இங்கிருந்து ஒரு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினோம். பதிலுக்கு அந்த ஊர் தினமும் ஒரு ரயில் நிறைய ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. உடம்பு சரியில்லாதவர்கள் வரும் ஊரில் அவர்களை வைத்துப் பிழைப்பதும் நடக்கும். ஸ்டேஷனிலேயே கையைப் பிடித்து இழுக்கும் லாட்ஜ் புரோக்கர்கள் உண்டு. நடந்தால் பத்து நிமிடம் ஆகும் இடத்துக்கு ஊரைச் சுற்றிக்காட்டி இருநூறு வாங்கும் ஆட்டோக்கள் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் தண்ணீருக்குத் தனி, மின்விசிறிக்குத் தனி என்று வாங்கினார்கள். மே மாதம் வேலூரில் மின்விசிறிக்குத் தனிக் காசு கேட்பது மூச்சுக்குக் காசு கேட்கிற மாதிரி. அம்மா ரொம்ப நல்லவள் என்றும் சொல்ல மாட்டேன். சீசனில் வாடகையை அவளும் ஏற்றுவாள். ஆனால் ஆபரேஷன் நாளன்று மட்டும் வாடகைப் பேச்சை எடுக்க மாட்டாள், ஃபிளாஸ்க்கில் காப்பி போட்டு வெயிட்டிங் ஹாலுக்கு என்னிடம் கொடுத்தனுப்புவாள். அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சில விஷயங்கள் தானாக வந்துவிடும். எங்கள் ஊர் டீக்கடைக்காரர், கையில் எக்ஸ்ரே கவரோடு நிற்பவரிடம் முதலில் சில்லறை கேட்க மாட்டார். "உக்காரு தாதா" என்பார். கவர் தடிமனாக இருந்தால் சர்க்கரை போடலாமா என்று கேட்டுக்கொள்வார். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாடி வீட்டு முர்ஷிதாபாத்காரர் ஐம்பத்து இரண்டு நாள் இருந்தார். கிளம்பும்போது அந்த அக்கா மீதிக் கடுகெண்ணெயை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். முட்டிவலிக்குத் தடவியே அம்மா அதைத் தீர்த்தாள்.

சில வருடம் முன்பு அலுவலக வேலையாகக் கொல்கத்தா போனேன். மாலையில் சும்மா இருந்தபோது அந்த மசூதியைப் பார்த்துவிடலாம் என்று டாக்சி பிடித்தேன். என் இந்தியைக் கேட்டு டிரைவர், "மதராஸா?" என்றார். வேலூர் என்றேன். சட்டென்று திரும்பிப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். "எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். நான் ஆஸ்பத்திரி ஊழியன் இல்லை என்று புரியவைக்கவே இரண்டு சிக்னல் ஆனது. மனைவியின் இதயத்துக்காக வந்து ஒரு மாதத்துக்கும் மேல் காந்தி ரோடு பக்கம் தங்கியிருந்தாராம். இட்லி, இட்லி, இட்லி என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். வெயிலைச் சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். மனைவி இப்போது நன்றாக இருக்கிறாராம், பேரன் பிறந்துவிட்டானாம்.

மசூதி வாசலில் இறங்கி மீட்டரைப் பார்த்துப் பணம் கொடுத்தேன். இன்னும் ஐம்பது ரூபாய் கேட்டார். எதற்கு என்றேன். உங்க ஊர் ஆட்டோக்காரன் என்னிடம் வாங்கியதில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சிரித்தார். கொடுத்துவிட்டேன்.